கான் மூடிய வளைவு

இன்று காலை ஆபிஸில் அமோனியாப் போத்தலைத் திறந்தார்கள். வரைபடத்தைப் பிரதி எடுக்கும் மரப்பெட்டிக்குள் அதை ஊற்றியதும் மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் கொட்டும். உனக்குத் தெரியாததா? ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி, "என்னடா மச்சான், குதிரை லாயத்துலயா வேல பாக்குற?" என்று கேட்பாய். இன்று பிரதி எடுத்தது நம் பஜார் வீதியின் புதிய வரைபடத்தை. வீதி வேலை முடிந்துவிட்டது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நானும் துடைத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நீ போய் ஐந்து வருடம். இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. முதலில் பழி வாங்குவோம், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். வாங்கிவிட்டேன். மூலைக்கடை முதலாளியின் மேடையை உடைத்துப் போட்டாயிற்று, சட்டப்படி, பட்டின சபையின் முத்திரையோடு. சம்மட்டி விழுந்த ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நின்று பார்த்தேன். மனம் குளிர்ந்தது. நீ இருந்திருந்தால், "விடுடா, பாவம்" என்றிருப்பாய். உன்னுடைய அந்த 'விடுடா'வைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குள் இத்தனை கோபம் சேர்ந்தது. உன் பங்குக் கோபத்தையும் நானே சுமக்க வேண்டியிருந்தது.

நாம் இருவரும் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்கள். நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை எட்டாத சுவர். என் அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. உன் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு கடதாசியால் நான் டவுனுக்கு வந்து பட்டின சபையில் படம் வரைகிறவன் ஆனேன். நீ தோட்டத்துத் தபால்காரன் ஆனாய். நான் பெரிய கெட்டிக்காரன் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு அப்போதே பழக்கமாகியிருந்தது.

ஒன்பது மணிக்குத் தோட்டத்து ஆபிஸில் கடிதப் பையை வாங்குவாய். தோல் பை, பித்தளைப் பூட்டு. சாவி ஒன்று துரையிடம், ஒன்று போஸ்ட் மாஸ்டரிடம். நடுவில் நான்கு மைல் அந்தப் பையைச் சுமப்பவனிடம் சாவி கிடையாது. அதையும் நீ ஒரு குறையாகச் சொன்னதில்லை. "பூட்டு இருக்கிறதுதான்டா நல்லது. உள்ள என்ன எழவு இருக்குன்னு தெரியாம நிம்மதியா மிதிக்கலாம்" என்பாய். தோட்டம் கொடுத்த அந்தக் கறுப்புச் சைக்கிளில், பிரேக்கை நம்பாமல் செருப்புக் காலை ரோட்டில் தேய்த்தபடி, வளைவு வளைவாக இறங்கி வருவாய்.

அந்த நாள் பஜார் வீதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பக்கம் பொகவந்தலாவை பஸ், மறுபக்கம் ஹட்டன் பஸ், இரண்டும் சந்திப்பது மூலைக்கடை வளைவில். அங்கேயே பஸ் நிற்கும், அங்கேயே லொறி சாமான் இறக்கும். நடப்பதற்கு என்று ஒரு முழ இடம் கிடையாது. கடைகளுக்கும் தாருக்கும் நடுவில் கான் மட்டும் இருந்தது, மழைத் தண்ணீர் ஓடுகிற அந்த மூன்றடி வாய்க்கால். சம்பளச் சனிக்கிழமையில் தோட்டங்களில் இருந்து வருகிற சனம் முழுவதும் அந்தக் கானின் விளிம்பில்தான் ஒருவர் பின் ஒருவராக வரும். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. பின்னால் ஹோர்ன் கேட்டால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை, பேசாமல் கானுக்குள் இறங்கி நின்றுவிடுவார்கள். வண்டி போனதும் ஏறுவார்கள். மறுபடியும் ஹோர்ன், மறுபடியும் கான்.

இது நமக்குத் தோட்டத்தில் பழக்கியது. துரையின் கார் வந்தால் ஆட்கள் கானில் இறங்கி நிற்க வேண்டும். நம் தாத்தா காலத்தில் சொன்னது, அப்பா காலத்தில் சொல்லாமலே நடந்தது, நம் காலத்தில் யாரும் யோசிக்காமல் காலே செய்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்து வெள்ளைக்காரத் துரைமார் கப்பல் ஏறிய பிறகும் நம் கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நீயும் அப்படித்தான். ஹோர்ன் கேட்டதும் சைக்கிளில் இருந்து குதித்து, இடது காலைக் கானில் வைத்து, சைக்கிளை உன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்வாய்.

ஒரு நாள் ஜன்னலில் வைத்து உன்னிடம் சண்டைக்கே வந்தேன். "யாரு வீட்டு ரோட்டுடா இது? நீ ஏன் எறங்குற?" என்றேன்.

"எறங்குனா என்னடா கொறஞ்சு போயிரும்? கார் போயிரும், கால் காஞ்சிரும்" என்றாய். சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் உன்னை அடிக்க வேண்டும்போல இருக்கும்.

மூலைக்கடை முதலாளி யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரிசி, சீனி, வெங்காயம், எல்லாம் மொத்தமாக. பாண் ரொட்டிக்காகச் சனம் வரிசையில் நின்ற பஞ்ச காலத்திலும் அவர் கடையின் பின்கட்டு நிறைந்தே இருந்தது. நம் ஆள்தான், நம் பாஷைதான், கோவிலில் முதல் தீபாராதனை அவருக்குத்தான். லொறியில் இருந்து மூட்டையை நேரே கடைக்குள் தள்ள வசதியாக ஒரு மேடை கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. மேடை வர வேண்டிய இடத்தில் கான் இருந்தது.

இனி எழுதப்போவதை உன்னிடம் நான் வாய் திறந்து சொன்னதில்லை. அப்போது வீதி வேலைகளை மேற்பார்த்த ஓவசியர், அவர் இப்போது சபையில் இல்லை, பென்சிலால் கிறுக்கிய ஒரு தாளை என் மேசையில் போட்டார். பழைய படத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று வரைய வேண்டும். ஆனால் மூலைக்கடைக்கு முன்னால் இருபது அடிக்குக் கானை வரையக்கூடாது, கடையின் எல்லையைத் தார் விளிம்புவரை கொண்டுவர வேண்டும்.

"அந்த எடத்துல கான் இருக்குங்களே ஐயா" என்றேன்.

"இருக்கிறது எனக்கும் தெரியும். நீ வரை" என்றார்.

வரைந்தேன். ஒரு தரம் கேட்டேன், இரண்டாம் தரம் கேட்கவில்லை. வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கவில்லை, கலியாணம் ஆன புதிது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மை ஊற்றி, ஸ்கேல் வைத்து, இருபது அடிக்குக் கானை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். கோடு அழகாகத்தான் விழுந்தது. அந்த வாரமே கானுக்குள் கல்லும் மண்ணும் கொட்டி, மேலே முழங்கால் உயரத்துக்கு மேடை எழும்பிவிட்டது. தண்ணீருக்குப் போக இடம் இல்லாமல் மழை பெய்யும்போதெல்லாம் வளைவில் ரோட்டுக்கு மேலே ஏறி ஓடியது.

மூன்று மாதம் நீ அந்த மேடையைத் தாண்டித்தான் போய் வந்தாய். அது இருப்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை மழையில் முதலாளியின் லொறி மேடையை நோக்கி ரிவர்ஸில் பின்னுக்கு வந்துகொண்டிருந்தபோது, உன் முதுகுக்குப் பின்னால் பொகவந்தலாவை பஸ் ஹோர்ன் அடித்தது. நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஹோர்ன் கேட்டால் கண் யோசிப்பதில்லை, கால்தான் யோசிக்கிறது. உன் இடது கால் கானைத் தேடி இறங்கப் போனது. முழங்கால் மேடைச் சுவரில் மோதி, நீயும் சைக்கிளும் பின்னால் ரோட்டில் சாய்ந்தீர்கள். லொறி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாய். உன் பார்வதி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். இரண்டாம் நாள் பின்னேரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அங்க கான் இருந்துச்சேடா மச்சான்" என்றாய். கோபமாக இல்லை, ஏதோ வைத்த இடத்தில் பொருளைக் காணாதவன் கேட்பதுபோலக் கேட்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாம படுடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

முதலாளி சாவுக்கு வந்தார். மாலையோடு, குடையோடு, கூட ஒரு ஆளோடு. லயத்து வாசலில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கேட்கிறமாதிரி, "தோட்டத்து ஆளுங்களுக்கு டவுன்ல நடக்கத் தெரியல. பாவம், என்ன செய்றது?" என்றார். உன் மாமனார் அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். மரண விசாரணையிலும் அதையேதான் கொஞ்சம் படித்த பாஷையில் எழுதினார்கள்: இறந்தவரின் கவனயீனம். அன்றைக்கு உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் சத்தியம் செய்தேன். இந்த மனுசனை இந்த வளைவிலேயே வைத்து அடிப்பேன், அடிப்பது என் பேனாவாகத்தான் இருக்கும் என்று. மாதாவிடம் மன்னிக்கும் மனம் கேள் என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்டது வேறு.

நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தினமும் அவர் கடையைக் கடந்துதான் வேலைக்குப் போக வேண்டும். "வாங்க தம்பி" என்பார், நானும் "வாறேங்க முதலாளி" என்பேன். அரசாங்கம் மாறி ஜப்பான் வான் வண்டிகள் வந்து இறங்கின. வீதி இரண்டு மடங்கு நெரிந்தது. வளைவில் இன்னும் இரண்டு பேருக்குக் கால் போனது. அவர்களும் தோட்டத்து ஆட்கள்தான். அப்போதுதான் புதிதாக ஒரு இஞ்சினியர் மாற்றலாகி வந்தார்.

சிங்களவர், தெற்கே காலி ஊர்ப் பக்கம். கதை, பேச்சு எல்லாம் குறைவு. வந்த முதல் வாரம் முழுவதும் ஜீப்பைத் தொடாமல் குடையைப் பிடித்துக்கொண்டு பஜாரில் நடந்தார். பிறகு நான் வரைந்து வைத்திருந்த வீதிப் படங்களை எல்லாம் விரித்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "கடை இருக்கிறது, கம்பம் இருக்கிறது, மதகு இருக்கிறது. நடக்கிற மனிதனுக்கு இடம் எங்கே?" எனக்கு அவரைக் கும்பிடலாம்போல இருந்தது. என் சத்தியம் நிறைவேற மாதா ஒரு கையை அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நியாயத்துக்கு அனுப்பப்பட்ட கை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அலுமாரியின் அடியில் நான் பத்திரமாக வைத்திருந்த பழைய படத்தை அவர் மேசையில் விரித்தேன். கான் இருந்த படம். "இங்கே சபையின் காணி மூன்றடி போயிருக்கிறது, சேர். பிறகு வரைந்த படத்தில் பிழை" என்றேன்.

"யார் வரைந்தது?"

"நான்தான். கை தவறிவிட்டது" என்றேன்.

கை தவறிவிட்டது! எப்படி வந்தது பார் அந்தப் பேச்சு. அவர் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார். முதலாளியை மாட்டிவிட எவ்வளவு உண்மை வேண்டுமோ அவ்வளவை எடுத்துக் கொடுத்தேன். என்னை மாட்டிவிடும் மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. பஸ் நிற்கும் இடத்தை வளைவில் இருந்து விளையாட்டு மைதானத்துப் பக்கம் கொண்டுபோனோம். லொறி சாமான் இறக்கக் காலையில் மட்டும் என்று நேரம் வைத்தோம். தார் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிளுக்கு இடம் விட்டோம்; அகலம் கேட்டபோது, உன் சைக்கிளின் ஹாண்டிலையும் அதில் தொங்கும் பையையும் மனதில் வைத்து நான்தான் சொன்னேன். கானை வீதி நீளத்துக்கும் ஒழுங்காகப் பலகைக்கல் போட்டு மூடி, அதன்மேல் ஆறங்குலம் உயர்த்தி நடைபாதை. இஞ்சினியர் நான்கடி போதும் என்றார். நான் தோட்டத்துக்குப் போய், பார்வதியையும் இன்னொருத்தியையும் தலைச் சுமையோடு எதிரெதிராக நடக்கவைத்து டேப் பிடித்தேன். "எதுக்குண்ணே இது?" என்று கேட்டாள். "சும்மாதான் தங்கச்சி" என்றேன். ஆறடி வந்தது. ஆறடி வந்தால் முதலாளியின் லொறி நிற்க இடம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். கூடிய அந்த இரண்டடியில் ஓரடி நியாயம், ஓரடி பழி.

முதலாளி என் வீட்டுக்கே வந்தார். பிஸ்கட் டின்னை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, கோடு உங்க கையிலதான இருக்கு. எங்க கடைக்கு முன்னுக்கு மட்டும் ஓரடி தள்ளிப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? முன்னுக்கும் ஒருக்கா செஞ்சு குடுத்தீங்களே" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லில் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. நான்கு வருடமாக உருட்டி வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "நானும் தோட்டத்து ஆளுதாங்க முதலாளி. எனக்கு டவுன்ல நடக்கத்தான் தெரியாது. கோடு போடத் தெரியும்."

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். டின்னை மறந்துவிட்டுப் போனார். அதை நான் மறுநாளே கடைப் பையனிடம் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் மேடை உடைந்தது.

ஆனால் கேள், பாதை திறந்த முதல் சனிக்கிழமை என்ன நடந்தது என்று. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். தோட்டத்துச் சனம் வந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, ஒருவர் பின் ஒருவராக. நடைபாதைக்குக் கீழே, தார் விளிம்பில், சைக்கிள் கோட்டின் மேலே. ஒருத்தர்கூட மேலே ஏறவில்லை. ஹோர்ன் கேட்டதும் கானைத் தேடிப் பார்த்து, இல்லாததால் பாதையின் கல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஆறங்குலம் ஏறினால் போதும். ஏறவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனால் கணக்குப்பிள்ளையும் கங்காணியும் கல்மேட்டில் நிற்பார்கள், பெயர் கூப்பிடும்வரை ஆட்கள் கீழே நிற்பார்கள். நம் சனத்துக்கு மேடு என்றால் வேறு யாரோ நிற்கிற இடம். நானும் அந்தப் பெரட்டில் பார்த்து வளர்ந்தவன்தான். ஆறங்குலம் உயரம் என்று என் கையாலேயே எழுதினேன், அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை முதலாளி அந்த வெறும் பாதையில் வெங்காய மூட்டைகளை அடுக்கிவிட்டார். என்னைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி, ஒங்க ஆளுங்களே ஏற மாட்டேங்குறாங்க. சும்மா கெடக்குற எடம் வீணாத்தானே போகுது?" நான் உடைத்த மேடை மூட்டைகளாக மறுபடி எழுந்து நின்றது. அன்றைக்கு எனக்குச் சனத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. உன் மேலும் வந்தது. கார் போயிரும், கால் காஞ்சிரும் என்று சொல்லிச் சொல்லியே செத்தாயே என்று.

பார்வதியிடம் போய்க் கொட்டினேன். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இப்போது மலையில் மூத்த ஆள், உனக்குத் தெரியாது. பேச்சும் குறைந்துவிட்டது.

"மேல ஏறுங்கன்னா ஏற மாட்டாங்கண்ணே" என்றாள். "நெரை குடுத்தாத்தான் ஏறுவாங்க."

மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் காலையில் ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு வரிசை. கொடுத்துவிட்டால் அது அவளுடையது. அடுத்தவள் அதில் கை வைக்கக்கூடாது, அவளும் அதை முடிக்காமல் இறங்கக்கூடாது. நான் படம் வரைந்தேன், கல் பதித்தேன், இவர்களுக்கு நிரை கொடுக்க மறந்துவிட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது.

போன சனிக்கிழமை அவளுடைய செட்டுப் பெண்கள் முப்பது பேர் வந்தார்கள். வளைவுக்கு வந்ததும் பார்வதி கங்காணி மாதிரியே குரலைத் தூக்கினாள். "ஏய், மேட்டு நெரை ஒங்களுது! நெரைய புடிங்க புள்ளைகளா, விட்டுட்டுப் போகாதீங்க!" பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். முதலில் ஒருத்தி, பிறகு இரண்டிரண்டாக. பின்னால் வந்த வேறு தோட்டத்துச் சனமும் பார்த்துவிட்டு ஏறியது. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது, ஒருவரும் இறங்கவில்லை.

வெங்காய மூட்டைகள் குறுக்கே வந்தன. நிரையில் கிடக்கிறதை ஒதுக்கிவிட்டுத்தானே போக வேண்டும்? நான்கு பேராகத் தூக்கி, முதலாளியின் கடை வாசலிலேயே அடுக்கினார்கள். நெஞ்சு உயரத்துக்கு. முதலாளி உள்ளே மாட்டிக்கொண்டார்.

"யாரு ஒங்கள தொடச் சொன்னது?" என்று உள்ளே இருந்து கத்தினார்.

"எங்க நெரையில கெடந்துச்சுங்க முதலாளி" என்றாள் பார்வதி, மிகவும் மரியாதையாக.

பஜாரே சிரித்தது. மிட்டாய் விற்கும் முட்டாசுக் கடைக்காரர் சிரித்தார், பஸ் கண்டக்டர் தொங்கிக்கொண்டே சிரித்தான். மூட்டைகளுக்கு மேலே முதலாளியின் தலை மட்டும் தெரிந்தது. இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சொல்லியிருக்கக்கூடிய 'விடுடா' அன்றைக்கு என் காதில் விழவே இல்லை.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு பெண் என்னைக் காட்டி, "இந்த ஐயா இல்லாட்டி அந்த மேடை இன்னும் அங்கதான் இருக்கும்" என்றாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். பார்வதி மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். அவள் அப்படி நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தபோது அவளை நிறுத்திச் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை வரைந்தது நான் என்று. கை தவறவில்லை, தெரிந்தே வரைந்தேன் என்று.

"தெரியும்ணே" என்றாள்.

"எப்புடி?" என்றேன்.

"நீங்க வரையும்போது அவரு ஜன்னல்ல நின்னு பாத்திருக்காரு. பழைய படத்துல கான் இருக்கு, புதுசுல இல்ல. ஆஸ்பத்திரில சொன்னாரு. அவன்கிட்ட நீ கேக்காத, அவனே வந்து சொல்லுவான்னாரு. அஞ்சு வருசம்ணே. நீங்க வாரப்பல்லாம் இன்னிக்குச் சொல்லுவீங்க, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். டேப்பப் புடிச்சிட்டு வந்தப்பவும் பாத்தேன்."

"தங்கச்சி, என்ன மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அவரு மன்னிச்சாரு. அவரு கொணம் அது. நான் மன்னிக்கல" என்றாள். சத்தம் போடவில்லை. "முதலாளி மேடைய ஒடச்சிட்டீங்க, நல்லதுதான். ஆனா கடதாசில இன்னும் எம்புருசன் தப்புன்னுதான் இருக்கு. நடக்கத் தெரியாம செத்தான்னு எழுதி வச்சிருக்காங்க. எம்புள்ளைக படிக்கிறாங்க இப்ப. அந்தக் கடதாசிய அதுக வாசிக்கும். அத மாத்திக் குடுங்க."

நீ என்ன மனிதன்டா? எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, என் கையில் உன் கையைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை ஏசாமல் போனாயே. நான் மூலைக்கடை வாசலில் குறி வைத்துக்கொண்டு நின்ற ஐந்து வருடமும் அவள் என்னைக் குறி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னைவிடப் பொறுமையாக, என்னைவிட நியாயமாக. முதலாளியின் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறவில்லை, ஆறவும் விடமாட்டேன். ஆனால் அவர் தலை மூட்டைகளுக்கு மேலே தெரிந்ததை நினைத்துச் சிரிக்கப் போனால் இப்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

அமோனியா நெடி போவதற்குள் நான் உட்கார்ந்து எழுதி முடித்தேன். மரண விசாரணை அதிகாரிக்கு ஒன்று, சபைக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே விஷயம்: அந்த இடத்தில் கான் இருந்தது. அது இருந்தது எனக்குத் தெரியும். ஓவசியர் சொன்னார், நான் தெரிந்தே வரையாமல் விட்டேன். இறந்தவர் கவனயீனமாக இருக்கவில்லை. யார் சொல்லி வரைந்தேன், யாருக்காக வரைந்தேன் என்பதும் இருக்கிறது. முதலாளியும் தப்ப முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பின்னேரம் தோட்டத்துக்குப் போய்ப் பார்வதிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். 'கவனயீனமாக இருக்கவில்லை' என்ற இடத்தில் தலையை ஆட்டினாள்.

"இதக் குடுத்தா எனக்கு வேல போனாலும் போயிரும் தங்கச்சி" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"போகட்டும்ணே" என்றாள். "நாளைக்கு எத்தன மணி பஸ்? நானும் வாறேன்."